கல்லறை மேட்டுப் புல்

சுகிர்தாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லி கத்தினால் பயம். பஸ் கிளம்புவதற்குள் ஏற முடியாதோ என்று பயம், ஏறிவிட்டால் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தமாட்டானோ என்று பயம். உத்திரமேரூர் சந்தைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் என் உயிர் பாதி போய்விடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். நான் பக்கத்து வீட்டுக்காரி, கனகா. மானாம்பதி போகிற ரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று காலனியில் சொல்வார்கள். நீளம்தான், இல்லையென்று யார் சொன்னது? அந்த வாயால் அவளைக் கிண்டல் பண்ணாமல் நான் ஒரு நாளும் அடுப்பு அணைத்ததில்லை.

அவளுடைய பயங்களில் பெரிய பயம் புருஷன். அருள்தாஸ் நெல் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை ஓங்கினதும் கிடையாது. குரல் போதும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்குக் காலனி முழுக்க அந்தக் குரல் கேட்கும். தண்ணீர் குடிக்கிற சொம்பு வைத்த இடத்தில் இருக்க வேண்டும். வாசல் கூட்டின தடம் தெரிய வேண்டும். இவள் நாள் முழுக்க எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். "ஏண்டி, அவரு வர்றதுக்குள்ள உன்னையும் தொடச்சி வெச்சிக்கோ" என்று நான் சொல்வேன். சிரிக்கக்கூட மாட்டாள், தெருவைப் பார்ப்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண், ஜெனிஃபர். அவளுக்காகத்தான் அருள்தாஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் கட்டினார். எங்கள் வரிசையில் மற்ற வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு, அதற்கப்புறம் மேடு. இவர் அந்தக் காலி இடத்தையும் சேர்த்து, மேட்டை ஒட்டியே ரூமை எழுப்பிவிட்டார். அந்த மேட்டின் மேல்தான் காலனி கிறிஸ்தவர்களின் கல்லறை. நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள், எங்களுக்கு இடம் ஏரிப் பக்கம். போன வருஷம் கார்த்திகையில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மேட்டில் நல்ல இடமெல்லாம் நிறைந்து போயிருந்தது. ஓரமாக, தன் வீட்டுக்கு நேர் மேலேயே, அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் அவர் கட்டின ரூமின் ஓடு தெரியும்.

அதற்குப் பிறகும் சுகிர்தா சொம்பை அதே இடத்தில்தான் வைத்தாள். செத்துப்போன மனுஷனுக்கு யாராவது பயப்படுவார்களா? இவள் பயந்தாள். "மேலருந்து பாத்துக்கினுதான் கீறாருக்கா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கோடையில் ஊருக்கு நெற்களம் வந்தது. அறுவடை நேரத்தில் நெல்லைத் தார் ரோட்டில் காயப்போட்டு மல்லுக்கட்ட வேண்டாம் என்று மேட்டுக்கு அந்தப் பக்கத்தைச் சமன்படுத்தினார்கள். அதற்கு லாரி போக வழி வேண்டும் என்று எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மேட்டைச் செதுக்கினார்கள். பொக்லைன் வந்து நின்று நாள் கணக்கில் தோண்டியது. முடிந்தபோது பார்த்தால் எங்கள் ஓட்டுக் கூரையைவிட உயரமாகச் செம்மண் சுவர் நிற்கிறது. இங்கே மண்ணுக்கு ஒரு குணம். வெயிலில் கல் மாதிரி இருக்கும், தண்ணீர் புகுந்தால் கூழ்.

வேலையைப் பார்க்க வந்த இன்ஜினீயர் கோபால் சார் தங்கமான பிள்ளை. இந்த மாதிரி மண்ணை வெட்டுகிற வேலைக்கெல்லாம் விதி இருக்கிறது, மழைக்கு முன்னால் மண்ணை அம்மணமாக விடக்கூடாது என்று எங்களைக் கூப்பிட்டு வைத்தே சொன்னார். மேட்டு விளிம்பில் ஒரு கால்வாய் வெட்டி மழைத் தண்ணீரைப் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். வெட்டின சுவரில் வெட்டிவேர் நட வேண்டும். அடியில் வண்டல் நிற்கக் குழி. எல்லாவற்றையும்விட முக்கியம், விளிம்பை ஒட்டியிருக்கிற புல்லில் யாரும் கை வைக்கக்கூடாது. ஆடு மேயக்கூடாது, செதுக்கக்கூடாது, மண்ணெடுக்கக்கூடாது. பொங்கல் வரைக்கும் அந்தப் புல்வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றார். எல்லை தெரியச் சுண்ணாம்பு அடித்த கல் வரிசை ஒன்று போட்டார்.

கான்ட்ராக்டர் வெட்டிவேர் நட்டான். குழி எடுத்தான். கால்வாயைப் பாதி வெட்டினான், அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மழை விட்டதும் வந்து முடிப்பானாம். கோபால் சார் போனிலேயே கத்தினார், மேலே எழுதிப் போட்டார். அவன் வருகிற வழியைக் காணோம். ஆக, மீதி இருந்தது புல் மட்டும்தான்.

அந்தப் புல்லுக்குக் காவல் வைத்தார்கள் சுகிர்தாவை. தினக்கூலி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆட்டைப் பார்த்தாலே வழி விடுகிறவள் ஆட்டை விரட்டப் போகிறாள். கோபால் சார் சொன்னார், அந்தம்மா வீடு அதுக்கு அடியிலே இருக்கு, பயப்படுகிற ஆள்தான் ஒழுங்காகப் பார்க்கும் என்று. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. காலையும் மாலையும் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அந்தக் கல் வரிசை ஓரமாக நடந்துகொண்டே இருப்பாள். ஆடு வந்தால் குச்சியை ஆட்டுவதோடு ஆட்டுக்காரனையும் கும்பிடுவாள்.

இதற்கு நடுவில் ஜெனிஃபர் பிள்ளை பெற்று வந்து சேர்ந்தாள். ஆண் குழந்தை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பச்சை உடம்புக்காரி, ஈரக்காற்று படக்கூடாது, படி ஏறி இறங்கக்கூடாது. வீட்டிலேயே காற்று புகாத இடம் அந்தப் பின் ரூம்தான், அதில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். சுகிர்தாவின் பயம் அன்றைக்குத்தான் எல்லை தாண்டியது. இதுவரைக்கும் பயந்ததெல்லாம் ஒத்திகை என்று ஆகிவிட்டது.

லேசாகத் தூறல் போட்டாலே ஓடி வருவாள். மண் சரிகிற சத்தம் கேட்குது, எழுந்திரு என்பாள். முதல் தடவை குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஜெனிஃபர் என் வீட்டுக்கு வந்தாள். மண் சரியவில்லை. இரண்டாவது தடவை, ஒரு எலி ஓட்டின் மேல் ஓடியிருக்கிறது, அதற்கும் எழுப்பிக் கூட்டி வந்தாள். மூன்றாவது தடவை மழையே இல்லை, மேகம் கறுத்ததற்குக் கூட்டி வந்தாள். தையல் பிரிந்த மாதிரி வலிக்கிறது என்று ஜெனிஃபர் அழுதாள். குழந்தைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. நானும் சுகிர்தாவைப் பிடித்துக் கிழித்தேன். உன் பயத்தில் அந்தப் பிள்ளையைச் சாகடிக்காதே என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கும் பேஜாராக இருந்தது. அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது.

நவம்பர் வந்தது. இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஃபாதர் வந்து எல்லாக் கல்லறையையும் மந்திரிப்பார். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆள் படுத்திருக்கிற இடத்தைச் செதுக்கிச் சுத்தம் பண்ணிவிடுவார்கள். ஒரு புல் இருக்கக்கூடாது. புதுமண் கொத்தி மேடாக அணைத்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். புல் மண்டின சமாதி என்றால் அந்தச் செத்தவருக்கு நாதியில்லை என்று அர்த்தம். வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள்கூட இதற்கென்று லீவு போட்டு வந்து மண்வெட்டி பிடிப்பார்கள். ஐப்பசியில் அடைமழை, அதே ஐப்பசியில் மேட்டையே மொட்டை அடிப்பார்கள். அத்தனை வருஷமும் மேடு நாலு பக்கமும் சாய்வாக இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் ஒரு பக்கம் செங்குத்து.

கல் வரிசைக்கு உள்ளே இருந்தவை இரண்டே சமாதிகள். ஒன்று அருள்தாஸுடையது. இன்னொன்று ஏசுதாஸ் என்கிறவரின் அப்பாவுடையது. ஏசுதாஸ் கோயில் கமிட்டியில் இருக்கிறவர், ஆள் வாட்டசாட்டம். திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் மண்வெட்டியோடு கல்லைத் தாண்டி உள்ளே போனார். சுகிர்தா குறுக்கே நின்றாள். எங்கப்பன் சமாதியில் புல் முளைத்துக் கிடந்தால் ஊர் என் மூஞ்சியில் காறித் துப்பாதா என்று கேட்டார். இவள் இரண்டு கையாலும் மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் உதறியிருந்தால் இவள் போய் ஏரியில் விழுந்திருப்பாள். ஆனாலும் விடவில்லை. கடைசியில் அவர்தான் விட்டார். புல்லுக்கு மேலேயே இரண்டு மாலையைப் போட்டுவிட்டு, வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் கீழே இருந்து பார்த்தேன். பரவாயில்லையே, நம்ம சுகிர்தாவா இது என்று நினைத்தேன்.

அவள் அதற்கு மறுநாள் செய்ததை யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு அவளே சொன்னதுதான். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். புருஷன் சமாதி முன்னால் நின்றிருக்கிறாள். சுற்றிலும் எல்லாச் சமாதியும் தலைக்குக் குளித்த மாதிரி புதுமண்ணோடு இருக்கிறது. இவர் மேலும் ஏசுதாஸ் அப்பா மேலும் மட்டும் முழங்கால் உயரம் புல். சட்டையில் ஒரு சுருக்கம் பொறுக்காத மனுஷன். முதல் வருஷக் கல்லறைத் திருநாள் வேறு. "அவரு குரலு காதுலயே கேட்டுதுக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துப்போய், புல்லையெல்லாம் வேரோடு பேர்த்து, சுற்றிலும் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண்ணைக் கொத்தி, அழகாக அணைத்து மேடு கட்டி, பூவைக் கொட்டி மறைத்துவிட்டு வந்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்தது என்று நான் அவளைச் சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு குரலுக்குப் பயந்தவள், ஒரு நாள் பயப்படாமல் இருந்துவிடுவாளா?

இரண்டாம் தேதி விடிந்தபோதே வானம் உடைந்திருந்தது. நான் கடையில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஃபாதர் வருவாரா மாட்டாரா என்பதுதான் காலனியில் பேச்சு. சுகிர்தா குடைகூட இல்லாமல் மேட்டுக்குப் போயிருக்கிறாள். மேலே அவள் கண்டது இது. மேட்டுத் தண்ணீரெல்லாம் பாதிக் கால்வாயில் ஓடி வந்து, கால்வாய் முடிகிற இடத்தில் முட்டி, புல் இருக்கிற இடத்தில் போக முடியாமல், அவள் செதுக்கி வைத்த மொட்டைத் தரையில் புகுந்துகொண்டிருந்தது. அருள்தாஸ் சமாதியைச் சுற்றிக்கொண்டு ஒரு வாய்க்கால். அது விளிம்பில் போய் மறைகிறது. விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே, நெடுக ஒரு வெடிப்பு. தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் ஓடி வந்து இறங்கினதை நான் பார்த்தேன். கால் வழுக்கி உட்கார்ந்து எழுந்து வந்தாள். நேரே பின் ரூமுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியும், சமாதானம் சொல்லத்தான்.

"எழுந்திருடி. கொயந்தயத் தூக்கிக்கினு அக்கா வூட்டுக்குப் போ" என்றாள்.

ஜெனிஃபர் அப்போதுதான் பால் கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைத்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. "மய பேயுதுமா. புள்ளைக்குச் சளி கீது. நீ தெனமும் இதையேதான் சொல்ற" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுகிர்தா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தையல் வலியில் அவள் கத்தினாள், குழந்தையும் விழித்துக் கத்தியது. நான் சுகிர்தாவைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, மழை விட்டதும் நானே மேலே போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கெஞ்சல் இல்லை. புலி வருது என்று அத்தனை தடவை சொன்னவள், இந்தத் தடவை யாரும் நம்பப்போவதில்லை என்று அவளுக்கே புரிந்துவிட்ட பார்வை அது. மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேட்டுக்கு ஓடினாள். ஐயோ, பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நானும் ஏறினேன்.

மேலே போய்ப் பார்த்தால், அவள் புருஷன் சமாதியை வெட்டிக்கொண்டிருந்தாள். சிலுவையைப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டிருந்தாள். பூவோடு சேர்த்து மண்ணை வாரி வாரி, தண்ணீர் புகுகிற வாயில் போட்டுக் கரை கட்டப் பார்த்தாள். கல் வரிசைக்கு உள்ளே மீதியெல்லாம் புல் பிடித்த கெட்டித் தரை. கொத்தினால் உடனே வருகிற மண் அது ஒன்றுதான், நேற்று அவள் கையாலேயே அணைத்த மண். போடப் போடத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது. பூ வைக்க வந்திருந்த நாலைந்து பேர் தூரத்தில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கிட்டே வர ஒருவருக்கும் துணிவில்லை.

"இன்னாடி பண்ற? உன் புருஷன் சமாதிடி அது" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அவரு பூட்டாருக்கா. அவ உள்ள கீறா" என்றாள்.

அப்போதுதான் அந்த வெடிப்பைப் பார்த்தேன். என் பாதம் நுழைகிற அகலம் இருந்தது. நான் பார்க்கும்போதே அதில் ஒரு மண்கட்டி விழுந்தது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. சாக்கு எங்கேயோ போனது. ரூம் வாசலில் நின்று, ஜெனிஃபரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல், கண்ணால் கண்டதைச் சொன்னேன்.

"உங்கம்மா உங்கப்பன் சமாதிய வெட்டிக்கினு கீறாடி."

ஜெனிஃபர் திரும்பினாள். வெடிப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்கம்மாவா?" என்று மட்டும் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி குழந்தையை வாரி மாரோடு அணைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். செருப்பு போடவில்லை, போர்வை எடுக்கவில்லை. அப்பா பெயரைச் சொன்னாலே நடுங்குகிற அம்மா அவர் சமாதியில் மண்வெட்டி போடுகிறாள் என்றால் அதற்கு மேல் சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. மழையில் நனைந்துகொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்தோம். உள்ளே காலெடுத்து வைக்கிறோம், பின்னால் ஒரு சத்தம். லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. ஒரே தடவை. அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

"அம்மா மேல கீது" என்றாள் ஜெனிஃபர். அந்தக் குரலை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

நான் மறுபடியும் வெளியே ஓடினேன். பின் ரூம் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது, அதில் ஓட்டுத் துண்டுகளும் சாமந்திப் பூவும் ஒட்டிக்கொண்டிருந்தன. மேட்டு விளிம்பில் ஒரு வாய் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், புல்லைப் பிடித்துக்கொண்டு, குப்புறப் படுத்தபடி கிடந்தாள் சுகிர்தா. அவள் கிடந்த இடம் ஏசுதாஸின் அப்பா சமாதி. அதில் யாரும் கை வைக்கவில்லை, அது அப்படியே நின்றது. பூ வைக்க வந்தவர்களோடு நின்றிருந்த ஏசுதாஸ்தான் ஓடிப்போய் அவளைக் காலைப் பிடித்து இழுத்தார். பிள்ளை வெளியே வந்துட்டா என்று நான் கீழே இருந்து தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை, நிற்க வைத்தால் நிற்கவில்லை, இரண்டு பேர் தாங்கித்தான் இறக்கினார்கள்.

மத்தியானம் கோபால் சார் வந்தார். எல்லாரையும் வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சவப்பெட்டி இருக்கிற ஆழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல் மண்தான் போயிருக்கிறது என்றார். கான்ட்ராக்டரை விடப் போவதில்லை என்றார். அப்புறம், அந்த இடத்துப் புல்லை யார் எடுத்தது என்று கேட்டார். கூட்டம் முழுக்க ஏசுதாஸைப் பார்த்தது. இரண்டு நாள் முன்னால் மண்வெட்டியோடு சண்டை போட்டவர் அவர்தானே. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவர் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான் சார் எடுத்தேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகிர்தாதான் அது. கோபால் சார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுதாஸ் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். முன்னமே அங்கே வந்திருந்த ஜெனிஃபர் மடியில் குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள், விரல் நகத்திலெல்லாம் செம்மண்.

"அப்பா சமாதி இன்னாமா ஆச்சு?" என்று கேட்டாள்.

சுகிர்தா நகத்து மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"உன் கட்டில் மேல கீதுமா" என்றாள்.

ஜெனிஃபர் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இறுக்கினதில் அது வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் சுகிர்தா அழுதாள்.